நண்டின் அடிப்பக்கம்

1987 பிப்ரவரி 15, ஞாயிறு. ஐந்தரைக்கு எழுந்து தண்ணீர் பிடித்து வைத்தேன். ஏழு மணிப் பூசைக்குப் போய் வந்து, இட்லி சாப்பிட்டு, சைக்கிளுக்கு எண்ணெய் போட்டேன். பிறகு மகளின் விலங்கியல் ரெக்கார்டு நோட்டை எடுத்தேன். மறுநாள் அதைக் கல்லூரியில் ஒப்படைக்க வேண்டும்.

கடைசிப் பக்கத்தில் நண்டின் படம். மீன்காரம்மா கூடையிலிருந்து ஒதுக்கிப் போட்ட நண்டை மகள் கேட்டு வாங்கி, மூன்று வாரமாக ஃபார்மலின் பாட்டிலில் வைத்திருந்தாள். நிறம் முழுக்க வெளுத்திருந்தது. படத்தின் கீழே 'சிறிய இனம், முழு வளர்ச்சியடைந்த பெண்' என்று எழுதியிருந்தாள்.

எனக்கு ஒப்பவில்லை. நண்டை வெர்னியர் அளவுகோலால் அளந்தேன். ஓட்டின் அகலம் நாற்பத்தொரு மில்லிமீட்டர். முன்விளிம்பில் பக்கத்துக்கு ஆறு பற்கள். கடைசிக் கால்கள் துடுப்பு போல் தட்டை. முதுகில் சிலுவைக் கோலத்தோடு பெரிதாக வளரும் சிலுவை நண்டுக்கும் ஆறு பற்கள்தான் என்று அவள் புத்தகத்திலேயே இருந்தது. அவள் குளித்துக்கொண்டிருந்தாள். நான் அவள் வரியைப் பேனாவால் அடித்து, மேலே 'சிலுவை நண்டின் குஞ்சு' என்று எழுதினேன்.

பத்து மணிக்கு மீன்காரம்மா வந்தார். பாட்டிலைக் காட்டி, "சிலுவை நண்டுக் குட்டிதானே?" என்றேன்.

"இன்னா நைனா, ஊறுகா போட்டு வச்சிகீறே?" என்று வாங்கித் தலைகீழாகத் திருப்பினார். வயிற்றை மூடிய மடல் அகலமாக, வட்டமாக இருந்தது. "குட்டின்னா இந்த மூடி ஒல்லியா இருக்கும். இது முட்ட போட்ற பொம்பள. இதோட வளத்தியே இவ்ளோதான். முதுவ மட்டும் பாத்துகினு இருந்தியா?"

தலை துவட்டியபடி வந்த மகள் நோட்டைப் பார்த்தாள்.

"நான் திருப்பிப் பாத்துதாம்ப்பா எழுதினேன். இது என் கையெழுத்து இல்லன்னு மேடத்துக்குத் தெரியும். மார்க் போச்சு."

வேறு தாளில் வரைந்து தருகிறேன் என்றேன். "ரெண்டு நாள் வரைஞ்சேன். நீங்க ஒண்ணும் வரைய வேணாம்" என்று நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகுதான், அந்தப் பக்கத்தைத் திறந்தபடி, அதை என் மேசையில் வைத்தாள்.

தொழிற்சாலையில் வரைபடங்களைச் சரிபார்ப்பது என் வேலை. கீழ்த்தோற்றம் இல்லாத படத்தைப் பார்க்காமலே திருப்பி அனுப்புவேன். அங்கே ஒரு வரியை அடித்தவர், அடித்த இடத்திலேயே கையெழுத்துப் போட வேண்டும்.

மறுநாள் காலை எழுந்ததும், தண்ணீர் பிடிக்கப் போகும் முன், நான் எழுதியதை அடித்தேன். ஓரத்தில் 'மாணவி எழுதியதே சரி. அடித்தது நான், தவறு' என்று எழுதி, தேதியிட்டு, 'தந்தை' என்று குறித்துக் கையெழுத்துப் போட்டேன்.