நான் கையெழுத்து வைத்த கடுதாசி

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாகத்தான் வரும். சிலது மறந்தும் போச்சு. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சண்டை முடிந்த பிறகு வந்த பாராளுமன்றத் தேர்தல் ஒன்றுக்கு முன்னம் எங்கள் கட்சி இன்னொரு கட்சியோடு கூட்டுச் சேர்ந்தது. அது முந்தி ஆயுதக் குழுவாக இருந்தது. அந்தக் குழுவின் ஆள் ஒருவர்தான் சண்டைக் காலத்தில் பேசாலைச் சந்தியில் வைத்து என் மூத்தவனை வாகனத்தில் ஏற்றினவர். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பிள்ளை திரும்பி வரவில்லை. எங்கள் கட்சியின் ஊர்த் தலைவர்தான் பிறகு எனக்காக முறைப்பாடு எழுதி, அந்த ஆளின் பெயரையும் போட்டுக் கொழும்பில் காணாமல் போனவர்களைப் பதிகிற கந்தோருக்கு அனுப்பினார்.

கூட்டுக்குப் பிறகு அந்த ஆள் எங்கள் வேட்பாளர். என் வீட்டுக்கு வரப்போகிறார், அவருக்கு உயிராபத்து இருக்கிறது என்று சொல்லிப் பொலிசார் முதலே வந்தார்கள். அலுமாரியைத் திறந்து உடுப்புகளைக் கிளறினார்கள். முற்றத்தில் காயப்போட்ட கருவாட்டையும் புரட்டிப் பார்த்தார்கள். என் பிள்ளைக்கு ஆபத்து வந்த அன்று ஒரு பொலிசும் வரவில்லை.

அவர் ஊர்த் தலைவரோடு வந்து கதிரையில் இருந்தார். வீட்டுக்கு வந்தவரைத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்புவது எங்கள் ஊரில் இல்லை. கொடுத்தேன்.

"அம்மா, சீனி காணும், இனிப் போடவேண்டாம்," என்றார். அம்மா என்றுதான் கூப்பிட்டார்.

தலைவர் ஒரு கடுதாசியை மேசையில் வைத்தார். மகனை ஏற்றினவரை என்னால் அடையாளம் சொல்ல முடியாது என்று அதில் எழுதியிருந்தது.

"அக்கா, இப்ப நாங்கள் எல்லாரும் ஒரே சின்னம். இவர் தேர்தலில் வெண்டால் உங்கட பிள்ளையைத் தேடவும் ஒரு ஆள் இருக்கும்."

எங்கே கொண்டுபோனவர் என்று அவரிடமே கேளுங்கோவன் என்று வாய்வரைக்கும் வந்தது. வாசல் படலையில் பொலிசார் துவக்கோடு நிற்கிறார்கள். உள்ளே என் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு இருக்கிறார்கள். கையெழுத்து வைத்தேன். வாசிக்கத் தெரியாமல் அல்ல, வாசித்துவிட்டுத்தான் வைத்தேன்.

தேர்தலன்று நான் வாக்குப் போடப் போகவில்லை. அக்கா ஒற்றுமையைக் குழப்பிப்போட்டா என்று தலைவர் ஊரெல்லாம் குறை சொன்னாராம். அவர்கள் வென்றார்கள். பிள்ளையை எவரும் தேடவில்லை.

தலைவர் இப்போது உயிரோடு இல்லை. கொழும்புக் கந்தோரில் ஆரேனும் என் முறைப்பாட்டை எடுத்துப் பார்க்கவேண்டும்: அந்தப் பெயர் இன்னும் இருக்கிறதா, வெட்டுப்பட்டுப் போச்சா? பிள்ளையை ஏற்றினது தெற்கே இருந்து அடிக்கிற சோளகக் காற்றுக் காலம் என்று முறைப்பாட்டில் சொன்னதாக எனக்கு ஞாபகம். அப்போது வாடைக் காற்று தொடங்கிவிட்டது என்கிறாள் தங்கச்சி. அதையும் சரிபார்த்துத் தாருங்கள்.