மானாப் புல்லின் எண்ணெய்

மடவளையிலிருந்து வந்த ஒரு சிறு வியாபாரியை, கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது, கலப்படக்காரன் என்று சொன்னவன் நான். அவர் எதையும் கலக்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் கண்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் உதவியாளனாக இருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன், இங்கிலீசில் இரசாயனம் படித்த திமிர் வேறு. தெற்கிலிருந்து வரும், சவர்க்காரத்துக்கு வாசனை தரும் புல்லெண்ணெயில் மண்ணெண்ணெய் கலந்திருப்பதைப் பார்த்துப் பார்த்து, எண்ணெய் காய்ச்சுகிறவன் எல்லாம் கள்ளன் என்பதே எங்கள் முடிவு. சோதனை சுலபம். எண்ணெயை மதுசாரத்தில், அதாவது அல்ககோலில், குலுக்கினால் தெளிய வேண்டும். பால்போல் கலங்கினால் மண்ணெண்ணெய். அதற்குமேல் யோசிக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை.

அந்த மடவளை வியாபாரி ஹேவாஹெட்ட மலைச் சரிவுகளில் தானாக வளரும் மானாப் புல்லை வெட்டுவித்துக் காய்ச்சினார். கண்டியில் சவர்க்காரம் செய்யும் முதலாளி ஒருவர் அதைத் தொடர்ந்து வாங்குவதற்கு என் சொல்லை எதிர்பார்த்திருந்தார். குலுக்கினேன். கலங்கியது. முதலாளியின் கடைக்கே போத்தலைக் கொண்டுபோனேன். வியாபாரியும் அங்கே இருந்தார். முஸ்லிம்களை அங்கே அழைப்பதுபோல 'நானா' என்று அவரைக் கூப்பிட்டே சொன்னேன்.

"நானா, இதை விளக்கில ஊத்துங்கோ. நல்லா எரியும்."

கடை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"அல்லாஹ் அறிய ஒரு சொட்டும் கலக்கல்ல ஐயா. இன்னொருக்காப் பாருங்க."

"ஓம், ஓம். எல்லாரும் சொல்லுறதுதான்."

முதலாளி வாங்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் வேறொரு தேவைக்காக அதே புல்லை நானே ஆய்வுகூடத்தில் காய்ச்சினேன். நான் காய்ச்சிய எண்ணெயும் மதுசாரத்தில் கலங்கியது. பிரித்துப் பார்த்தேன். பயிரிடும் புல்லில் மிகுந்திருக்கும் ஜெரானியோல் என்ற வாசனைப்பொருள் இதில் குறைவு. மதுசாரத்தில் எளிதில் கரையாத டெர்பீன்கள் அதிகம். பயிர்ப்புல்லுக்கு வகுத்த சோதனையைக் காட்டுப்புல்லுக்கு வைத்துத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். பரீட்சையில் முதல் தரத்தில் சித்தியடைந்த முட்டாள்.

அதே கடைக்குப் போய், ஆட்கள் கேட்கவே, பிழை என்னுடையது, எண்ணெய் சுத்தம் என்றேன். முதலாளி வெற்றிலையைத் துப்பிவிட்டு நிமிர்ந்தார்.

"அப்ப மண்ணெண்ணெய்ன்னீங்க, இப்ப சுத்தம்ங்கிறீங்க. நானா எவ்வளவு குடுத்தாரு சார்?"

கடை மறுபடியும் சிரித்தது. டெர்பீனைப் பற்றி விளக்கத் தொடங்கினேன். அந்தக் கூட்டத்துக்கு டெர்பீன்! அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை.

மன்னிப்புக் கேட்க மடவளைக்குப் போனேன். கடையில் நடந்தது எனக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. அவர் என்னை வாசலிலேயே நிறுத்தினார், கதிரை காட்டவில்லை.

"மொதல்ல கள்ளன்னீங்க. இப்ப லஞ்சம் குடுத்தவனாவும் ஆக்கிட்டீங்க. போதும் தம்பி. இனி எங்கேயும் எண்ட பேரச் சொல்லாதீங்க."

அதன்பின் அவர் எண்ணெய் காய்ச்சவில்லை. நானும் அவர் பெயரை எங்கும் சொன்னதில்லை; இங்கேயும் சொல்லவில்லை.