அழிக்கக் கொடுத்த பாண்

கண்டியில் ஓவிய வகுப்புக்குப் போகிறவன் கையில் முதலில் ஒரு துண்டு பாணைத் தருகிறார்கள். ஊரில் நாம் ரொட்டி என்கிறோமே, இங்கே அது பாண். முதல் நாள் பாடம் நடத்தும் வெள்ளைக்காரத் துரை என் பலகையில் தாள், கரித்துண்டு, பாண் மூன்றையும் வைத்துவிட்டுப் போனார். நான் வெறும் வயிற்றோடு ஓடி வந்திருந்தேன். வெள்ளைக்காரர் கல்லூரியில் பசி அறிந்து கொடுக்கிறார்களே என்று மனம் நெகிழ்ந்து, அதைத் தின்றுவிட்டேன். பக்கத்துப் பலகையில் அலவத்துகொடையிலிருந்து வரும் சாகுல் சிரிப்பை அடக்க முடியாமல், "அது திங்கிறதுக்கில்ல மச்சான், கரிய அழிக்கிறதுக்கு" என்றான். பாணின் மெத்தென்ற பாகத்தை உருட்டித் தாளில் ஒற்றினால் கரி அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். கீழே விழுந்த பருக்கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீட்டில் வளர்ந்தவன் நான். கறுத்துப்போன பாண் உருண்டைகளைத் தரையில் பார்க்கும்போதெல்லாம் குனிந்து எடுத்து ஓரமாக வைப்பேன்.

இதை எழுதும்போது எனக்கு வேறொரு பயம். என் படம் கொழும்புக்குப் போயிருக்கிறது. வருடக் கடைசியில் வகுப்பில் ஒவ்வொருவரும் உயிருள்ள ஒருவரை உட்கார வைத்து முகம் வரைந்து அனுப்ப வேண்டும். அங்கே எடுத்துக்கொண்டால் மேலே படிக்கலாம். இல்லையென்றால் மாமாவின் துணிக்கடையில் கஜக்கோலைப் பிடிக்க வேண்டியதுதான். இலங்கைக்குப் போகிறவர்களை நிறுத்திவைக்கும் மண்டபம் முகாமில் நோய்த் தடுப்பு ஊசி போட்டுக்கொண்டு நான் கப்பலேறி வந்ததே அந்தக் கடைக்காகத்தான். படம் எழுதப் படிக்கிறேன் என்று சொன்னபோது மாமா திட்டவில்லை. "ஒரு வருசம் படி. சரிப்படலேன்னா மறுபேச்சு இல்லாம கடைக்கு வந்துரணும்" என்றார். திட்டியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். தபால்காரன் தெருவில் திரும்பினாலே நான் வீட்டுக்குள் போய்விடுகிறேன்.

வகுப்பில் எல்லா ஜன்னல்களையும் சாத்திவிட்டு ஒன்றை மட்டும் திறந்து வைப்பார்கள். முகத்தின் ஒரு பாதியில் வெளிச்சம், மறு பாதியில் இருட்டு. இருட்டைச் சரியாகப் போட்டால் மூக்கு தானே எழும்பி வரும் என்பது துரையின் பாடம். அது உண்மை என்று கண்ட நாளில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நம் வீட்டுச் சாமி படங்களில் இருட்டே கிடையாது. லட்சுமிக்கும் முருகனுக்கும் முகம் முழுக்க வெளிச்சம்தான். இரண்டு பாதியிலும் வெளிச்சம் இருந்தால்தான் அது முகம் என்று நினைத்து வளர்ந்தவனுக்கு, இது வேறு கண்ணை வாங்கிப் போட்டுக்கொண்டது போல இருந்தது.

மாமாவையே உட்கார வைத்தேன். கடைக்குப் பின்னால் வீட்டில் ஒற்றை ஜன்னல் பக்கம் கதிரையைப் போட்டு, ஒரு பாதியைக் கரியால் நிரப்பினேன். படம் முக்கால்வாசி முடிந்திருந்தபோது, வியாபார விஷயமாகக் கடுகண்ணாவைக்குப் போய்வந்த மாமாவுக்குக் குளிர்க்காய்ச்சல் கண்டது. அந்த வருடம் அந்தப் பக்கமெல்லாம் காய்ச்சல்தான். வீட்டுக்கு வீடு நடுங்கிக்கொண்டு கிடந்தார்கள். ஆனால் அத்தை கடுகண்ணாவையைக் குறை சொல்லவில்லை. சுவரில் சாய்த்திருந்த படத்தைத்தான் பார்த்தாள்.

"உங்கப்பா படம் மறந்துபோச்சாடா?" என்று கேட்டாள்.

மறக்குமா? எங்கள் ஊருக்கு வந்த போட்டோக்காரன் அப்பாவை வேப்பமரத்தடியில் நிறுத்திப் படம் பிடித்தான். மர நிழல் விழுந்து பாதி முகம் கறுப்பாக வந்திருந்தது. அதைப் பார்த்து வாசலில் எல்லாரும் கேலி செய்தோம். அந்தக் கோடையில் காலரா வந்து அப்பா போனார். இன்றைக்கும் மாலை போட்டு நடுவீட்டில் தொங்குவது அந்தப் பாதி முகம்தான். போட்டோவால் யாரும் சாவதில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? உள்ளறையில் மாமாவின் பற்கள் குளிரில் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது.

மாமாவுக்குப் பாலில் தோய்த்துக் கொடுக்க வாங்கிய பாணில் ஒரு துண்டைக் கிள்ளி அத்தை என்னிடம் நீட்டினாள். "அந்த இருட்ட எடுத்துரு. வேற ஒண்ணும் நான் கேக்கல." எடுத்துவிட்டேன். ஒரு வருடம் படித்ததெல்லாம் அந்த உருண்டையில் ஒட்டிக்கொண்டு வந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. கொயினா மருந்தாலா பாணாலா என்று இன்றுவரை வீட்டில் யாரும் பேசவில்லை.

பாதி முகம் மட்டும் இருந்த படத்தோடு வகுப்புக்குப் போனேன். மறுபாதி எங்கே என்று துரை கேட்டார். "ஃபீவர், சார்" என்றேன். எனக்குத்தான் காய்ச்சல் என்று எடுத்துக்கொண்டு, இரண்டடி தள்ளி நின்று, ஒரு வாரம் தவணை தந்தார். திருத்திச் சொல்ல எனக்கு இங்கிலீஷும் வரவில்லை, தைரியமும் வரவில்லை.

மெலிந்துபோன மாமா மறுபடி அதே கதிரையில் உட்கார்ந்தார். நான் கரியை எடுத்ததும் அத்தை உள்ளே போனாள். கோபித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். குத்துவிளக்கை ஏற்றி எடுத்து வந்து, மாமாவின் இருட்டுப் பக்கமாக ஒரு முக்காலியில் வைத்தாள். "இப்ப எழுது" என்றாள். ஒரு கன்னத்தில் கண்டியின் மழைநாள் வெளிச்சம், மறு கன்னத்தில் எண்ணெய் விளக்கின் வெளிச்சம். இரண்டும் எட்டாமல் நெற்றியிலிருந்து தாடை வரை மெல்லிய இருட்டு ஒன்று நடுவே இறங்கியிருந்தது. அப்படி ஒரு முகத்தை நான் வகுப்பிலும் பார்த்ததில்லை, ஊரிலும் பார்த்ததில்லை. கண்ணில் பட்டதை அப்படியே வரைந்தேன். மாமா எழுந்து வந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "நான்தான்" என்றார்.

துரை பார்த்ததும் முகம் சுளித்தார். "ஒன் லைட்" என்று ஒரு விரலைக் காட்டினார். இரண்டில் ஒன்றை எடுத்துவிடு, அப்போதுதான் கொழும்புக்காரர்கள் ஒப்புக்கொள்வார்கள் என்று சொல்லி, ஒரு துண்டு பாணை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு அங்கேயே நின்றார். விளக்கை எடுத்தால் மாமாவின் முகம் அப்பாவின் முகமாகிவிடும். ஜன்னலை எடுத்தால் நான் எதற்கு இங்கே வந்தேன் என்பதற்குப் பதில் இல்லாமல் போகும். எந்தப் பக்கம் அழித்தாலும் மிஞ்சுகிறவர் என் மாமா இல்லை. சாகுல் தன் வேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கை வேர்வையில் பாண் நனைந்துகொண்டிருந்தது.

அதை வாயில் போட்டு மென்றேன்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. துரை என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். காலையில் சாப்பிடவில்லையா என்று கொஞ்சம் இரக்கத்தோடு கேட்டார். வாய் நிறைய இருந்ததால், ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.