கட்டிப்பிடித்த ஞாயிறு

அந்த முட்டாள்தனத்தைத் தொடங்கி வைத்தவன் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில், அயோவா மாநிலத்தில் எங்கள் ஊர் பேஸ்பால் அணிக்கு உடுப்புத் துவைத்துப் போடுவது என் வேலை. வெஸ்லி ஹாட்ச் எங்கள் மூன்றாவது பேஸ்காரன், மைதானத்தில் அந்த மூலையைக் காக்கிறவன். நெப்ராஸ்காவில் பிறந்தவன், வயது முப்பத்தொன்று, பெரிய லீக்குக்குக் கீழே இருக்கும் சின்ன லீக்கில், ஊர் ஊராகப் போகும் பேருந்துகளிலேயே ஒன்பது வருடம் காலம் தள்ளியவன். மனைவி விட்டுப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. ஆட்டம் முடிந்து மற்றவர்கள் பீர் குடிக்கக் கிளம்பினால், இவன் மட்டும் உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து ஆறிப்போன ஹாட்டாக் தின்பான்.

அந்த வருடம் என்னமாய் ஆடினான். நூற்று இருபது ஆட்டத்தில் பந்தை அடித்து பேஸைத் தொட்டது நூற்று முப்பத்தெட்டு முறை. தரையோடு சீறி வரும் பந்தை வெறுங்கையால் பொறுக்கி, ஓடிக்கொண்டே எறிவான். சீசன் முழுக்கக் கோட்டைவிட்டது ஆறே பந்து.

“இந்த வருஷமும் மேல கூப்பிடலன்னா, மச்சானோட தானியக் கிடங்குக்குப் போயிடுவேன் பெருசு,” என்று ஒருநாள் சொன்னான். அவன் என்னிடம் அதிகம் பேசியதே அதுதான்.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு, பகல் ஆட்டம். ஏழாவது இன்னிங்ஸ் நடுவில், அடியோ சுளுக்கோ எதுவுமில்லாத வெஸ்லியை மேனேஜர் கார்ல் கைகாட்டி உள்ளே கூப்பிட்டார். புதிதாக வந்தவன் ஒருவனை அந்த இடத்துக்கு அனுப்பினார். எங்கள் ஆட்களுக்கு இதற்கு ஒரே அர்த்தம்தான். பெரிய லீக் அழைத்துவிட்டது, போகிறவனுக்கு அடிபடக்கூடாது என்று வெளியே எடுக்கிறார்கள்.

கார்ல் அம்பயரிடம் மாற்றத்தைச் சொல்லப் போயிருந்தார். அவர் வரும்வரை நான் பொறுத்தேனா? ஓடிப்போய் வெஸ்லியைக் கட்டிக்கொண்டேன்.

“போயிட்டு வாடா ராசா.”

அவ்வளவுதான், இருபது பேரும் வரிசையாகக் கட்டிப்பிடித்தார்கள். “எங்களையெல்லாம் மறந்துடாத, பெரிய மனுஷா,” என்று ஒருவன் கேலி செய்தான். வெஸ்லி தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். பிறகு நடைவழிக்குப் போய் அப்பாவுக்குப் போன் போட்டான்.

கார்ல் திரும்பி வந்து திருதிருவென்று விழித்தார். “யாருய்யா சொன்னது? அந்தப் புதுப்பய மூணாவது பேஸ்ல எப்படி நிக்கிறான்னு மேலிடத்துல பாக்கச் சொன்னாங்க. அவ்ளோதான்.”

நடைவழி வாசலில் வெஸ்லி, காதில் போனோடு நின்றிருந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டான்.

“அப்பா, இப்ப யார்கிட்டயும் சொல்லாதீங்க,” என்றான். “நான் அப்புறம் கூப்பிடுறேன்.”

ஆட்டம் முடிந்ததும் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

“என்னாலதான்பா எல்லாம். நல்லாத் திட்டிடு.”

கழற்றிய சட்டையை என் கூடையில் போடாமல் மடியிலேயே வைத்திருந்தான். “விடு பெருசு. என்னை யாராச்சும் கட்டிப்பிடிச்சு மூணு வருஷமாச்சு.”

சீசன் முடியும்வரை அழைப்பு வரவில்லை. அவன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய அன்று எல்லோரும் கைகுலுக்கினார்கள். கட்டிப்பிடிக்க ஒருத்தனுக்கும் துணிச்சல் வரவில்லை. எனக்கும்தான்.