தம்பியின் உதட்டுக் கட்டி

எங்கள் நகரிப் பக்கத்து ஊர்கள் ஆந்திராவுக்கா, சென்னை ராஜ்யத்துக்கா என்று எல்லைத் தகராறு நடந்த சமயம். விசாரிக்க வரும் அதிகாரியிடம், எங்களைச் சென்னையோடு சேருங்கள் என்று ஊர் சார்பில் தெலுங்கில் பேச வேண்டியவன் என் தம்பி. அதற்கு முதல்நாள் அவன் மேலுதட்டில் ஒரு கட்டி. சிவந்து, வீங்கி, வாயே திறக்க முடியவில்லை.

"வோணாண்ணா, வலி உயிரு போவுது. தன்னால ஒடையட்டும்" என்றான்.

"நாளைக்கி நீ பேசலன்னா ஊரே போயிடும்டா" என்று பிதுக்கினேன். சீழ் கொஞ்சம்தான் வந்தது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான், தள்ளிவிடவில்லை.

விடிந்தபோது நல்ல காய்ச்சல். இடது கண் வீங்கிப் பிதுங்கியிருந்தது. திருப்பதி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

டாக்டர் சொன்னார்: "கிருமி புகுந்த இடத்துல உடம்பே ஒரு ரசாயனத்தைச் சுரந்து ரத்தக்குழாயை விரிக்கும். அதான் அந்தச் சிவப்பும் சூடும். அந்த வழியா வெள்ளணுக்கள் வந்து கிருமியைச் சுத்தி வேலி போட்டிருந்துச்சு. நீங்க பிதுக்கி, அந்த வேலியை ஒடைச்சு, கிருமியை ரத்தக்குழாய் வழியா கண்ணுக்குப் பின்னால தள்ளிட்டீங்க."

பென்சிலின் ஊசியில் தம்பி பிழைத்தான். அந்தக் கண் பிழைக்கவில்லை. ஊரும் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது.

அவன் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனாலும் இன்றுவரை அவனுக்கு இடப்பக்கமாகத்தான் உட்காருகிறேன். அங்கே இருந்தால் என் முகம் அவனுக்குத் தெரியாது.