இரண்டாம் பக்கத்துக் கீறல்

வீடு மாறும்போது யார் யாருக்கு எது கனமோ, எனக்கு இசைத்தட்டுதான் கனம். கல்யாணமாகிப் பூனாவுக்கு வந்த நாளிலிருந்து நான்கு வீடு மாறியாயிற்று. நான்கு முறையும் பாத்திரம் பண்டமெல்லாம் டெம்போவில் குப்பையாகக் குவிந்து வந்தன. ரெக்கார்டுப் பெட்டிகள் மூன்றும் மட்டும் என் மடியிலும் காலடியிலும் வந்தன. "புள்ளையை ஒரு கையில பிடிச்சுக்க, பெட்டியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்க" என்று சொன்ன மனிதர் என் கணவர். எனக்கு மூன்று கை என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

அவருக்கு ஆகுர்டியில் வேலை. வண்டிகளுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் ஒரு சின்னத் தொழிற்சாலை, அதில் நாள் முழுக்க இரும்பு இடிக்கும் பிரஸ் ஷாப். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஊரே கேசட்டுக்கு மாறிவிட்டிருந்தது. தட்டுகளை எல்லோரும் பழைய சாமான்காரனிடம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். இவர் ஞாயிறு தவறாமல் ஜூனா பஜாருக்குப் போய் அவற்றை வாங்கிக்கொண்டிருந்தார். கண்டோன்மெண்டில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் விற்ற பழைய பாட்டுத் தட்டுகள் அங்கே இரும்புக் கடாய்க்கும் உடைந்த மின்விசிறிக்கும் நடுவில் கிடக்கும். வாங்கி வந்து, விரல் படாமல் ஈரத்துணியால் துடைத்து, குழந்தையைத் தூளியில் போடுவதுபோல உறையில் போடுவார். எங்கள் பெண்ணை அப்படி ஒரு நாள் போட்டிருந்தால் நான் கோயில் கட்டியிருப்பேன்.

ஆனால் தட்டைத் திருப்பிப் போடுவது மட்டும் என் வேலை. அவர் கையில் எவ்வளவு சோப்புப் போட்டாலும் எண்ணெய் போகாது. விரல் இடுக்கில் இரும்புத்தூள் இருக்கும். அந்தக் கையால் தட்டைத் தொட்டால் கீறல் விழும் என்று பயம். ஒரு பக்கம் இருபது நிமிஷம். இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் "பக்கம்!" என்று ஒரு குரல் வரும். நான் மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடுவேன். பள்ளிக்கூடத்தில் ஐம்பது பிள்ளைகளோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, வீட்டில் இது வேறே.

கடைசியில் கீறல் விழுந்தது என் கையால்தான். அவருக்கு உயிரான ஒரு தட்டு. இரண்டாம் பக்கத்தை வைத்துக்கொண்டிருந்தபோது குக்கர் விசில் அடித்தது. பதறித் திரும்பினேன், கை தட்டி ஊசி சறுக்கிவிட்டது. அன்றிலிருந்து மூன்றாம் பாட்டில் ஒரு வரி வந்தால் அங்கேயே நின்று திரும்பத் திரும்ப அதையே பாடும். யாராவது எழுந்து ஊசியை ஒரு பொட்டு தள்ளினால்தான் நகரும். அவர் ஒரு வாரம் பேசவில்லை. பிறகு அதைச் சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தார். விருந்தாளி வந்தால் அந்தத் தட்டைத்தான் போடச் சொல்வார். அந்த இடம் வந்ததும் எழுந்து ஒற்றை விரலால் ஊசியைத் தள்ளிவிட்டு, "இது வீட்டம்மா கைவண்ணம்" என்பார். எனக்கு எரியும்.

இதற்கிடையில் அவர் காது போய்க்கொண்டிருந்தது. எப்போது ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது. நான் சொல்வதைக் கேட்காத புருஷன் என்றுதான் நினைத்தேன், எந்தப் பெண்டாட்டிதான் அப்படி நினைக்கவில்லை? ஒன்றை மூன்று தரம் சொன்னேன். பிறகு கத்திச் சொன்னேன். பக்கத்து வீட்டு மராத்திக்காரம்மா ஒரு நாள், "தினமும் சண்டையா?" என்று என் தோளைத் தொட்டுக் கேட்டார். சண்டையில்லை, சாப்பிட வரச் சொன்னேன் என்றால் நம்பவா போகிறார்!

தொழிற்சாலையில் வருஷத்துக்கு ஒரு முறை காதுப் பரிசோதனை உண்டு. ஒரு கண்ணாடி அறையில் உட்காரவைத்துக் காதில் மாட்டிவிடுவார்கள். சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். கேட்கவில்லையென்றால் பிரஸ் ஷாப்பிலிருந்து ஸ்டோருக்கு மாற்றிவிடுவார்கள். யாருக்கும் அது வேண்டாம். கண்ணாடி வழியாக, வெளியே கம்பவுண்டர் பட்டனை அழுத்துவது தெரியுமாம். அவர் கை அசைந்தால் இவர்கள் விரலைத் தூக்குவார்கள். "எங்க செட்ல அத்தனை பேரும் பாஸு!" என்று வீட்டுக்கு வந்து தொடையைத் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு கோந்த்வாவில் ஃபிளாட் வாங்கி வந்தோம். படித்து முடித்த பெண்ணுக்கு ஹிஞ்சேவாடியில் கம்ப்யூட்டர் வேலை. காலையில் கம்பெனி வண்டியில் ஏறினால் இரண்டு மணி நேரம், திரும்பி வர இரண்டு மணி நேரம். வழியெல்லாம் காதில் பாட்டுதான். தீப்பெட்டி அளவில் ஒன்று வைத்திருந்தாள்.

"அப்பா, உங்க மூணு பெட்டியும் இதுக்குள்ள வந்துடும். அவ்வளவுதான், இத்தனூண்டு" என்றாள்.

"வரும் வரும். உசிரு வருமா? அது செத்த பாட்டும்மா. ஊறுகாயை நசுக்கி மாத்திரையாக்கின மாதிரி."

"சும்மா ஜித் பண்ணாதீங்கப்பா, என்ன பிடிவாதம்! ரெண்டும் ஒண்ணுதான். டெஸ்ட் வெக்கிறேன், சொல்லுங்க பாப்போம்."

வைத்தாள். ஒரே பாட்டைத் தட்டிலும் கம்ப்யூட்டரிலும் மாற்றி மாற்றிப் போட, இரண்டுக்கும் முன்னால் போர்வையைத் தொங்கவிட்டாள். அவர் எதிர் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் பக்கவாட்டில், போர்வைக்குப் பின்னால் நடப்பது தெரியும்படி, கட்டிலில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். முதல் தரம் "தட்டு" என்றார். சரி. "கம்ப்யூட்டர்." சரி. ஐந்து தரமும் சரி. பெண், "என்ன காதுப்பா உங்களுக்கு!" என்றாள். அவர் மீசையைத் தடவிக்கொண்டார். அப்போது குக்கர் விசில் வந்தது. நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். பின்னாலிருந்து பெண், "இப்ப?" என்றாள். "அப்பா, இப்ப?" நான் எட்டிப் பார்த்தேன். அவர் பாட்டின் பக்கம் பார்க்கவேயில்லை. காலியாயிருந்த என் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தட்டு ஓடினால் என் பார்வை என்னையறியாமல் தட்டின் பக்கம் போயிருக்கிறது, கம்ப்யூட்டர் என்றால் இந்தப் பக்கம். கம்பவுண்டரின் கையைப் பார்த்த மனிதர் இப்போது என் முகத்தைப் பார்த்து விரலைத் தூக்கியிருக்கிறார்.

அதற்குப் பிறகு நானும் பெண்ணும் அவரைக் காது டாக்டரிடம் கூட்டிப்போகப் படாத பாடு பட்டோம். "எனக்கென்ன கேடு? வருஷா வருஷம் பாஸ் பண்ணினவன் நான்" என்பார். மேலே பேசினால் டி.வி.யின் சத்தத்தைக் கூட்டுவார். கத்திக் கத்தி என் தொண்டைதான் தேய்ந்தது. செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். அந்தச் சங்குக்கு வலிக்குமா என்று யாரும் கேட்டதில்லை. போய்த் தொலையட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். அவ்வளவு அலுப்பு.

ஒரு சனிக்கிழமை, பள்ளி அரை நாள். மத்தியான வெயிலில் வந்து கதவைத் திறந்தால் வீடு நிசப்தமாக இருந்தது. அவர் நாற்காலியில் கண்ணை மூடி, தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஸ்பீக்கரில் ஒரு பொட்டுச் சத்தம் இல்லை.

பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். தட்டிலிருந்து வரும் வயரைப் பெண் காலையில் பிடுங்கி, அந்த இடத்தில் கம்ப்யூட்டர் வயரைச் செருகித் தன் பாட்டைப் பெரிய ஸ்பீக்கரில் கேட்டிருக்கிறாள். திரும்ப மாற்ற மறந்து போய்விட்டாள்.

கிட்டப் போனால் ஊசி முனையிலிருந்து மட்டும் பாட்டு கேட்டது, கொசுவின் குரலில். இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டு. கீறலில் சிக்கி ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தது. எத்தனை நேரமாகவோ! அவர் தாளம் நிற்கவில்லை. அவர் தலைக்குள் அந்தப் பாட்டு கீறலைத் தாண்டி எங்கேயோ போய்விட்டிருந்தது.

வயரை மாற்றியிருக்கலாம். எனக்கு அது தோன்றவில்லை. ஒற்றை விரலால் ஊசியை ஒரு பொட்டு தள்ளினேன்.

நிழல் பட்டுக் கண்ணைத் திறந்தார். என் விரல் ஊசியின் மேல் இருந்தது. அதைப் பார்த்தார். தாளம் போட்ட கை அப்படியே நின்றது.

"கீறல்ல நின்னுடுச்சா?"

தலையாட்டினேன்.

"ரொம்ப நேரமாவா?"

"இல்லங்க, இப்பதான்."

என் முகத்தையே பார்த்தார். அந்த முகத்தில் பொய் ஒட்டவில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "பொண்ணை அந்த டாக்டர்கிட்ட டைம் வாங்கச் சொல்லு" என்றார். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை வருஷம் கத்தினேன். கிடைத்தபோது எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. அவர் பழையபடி டி.வி.யைக் கூட்டி என் வாயை அடைத்திருந்தால் தேவலை என்றிருந்தது.

கால் வலித்தது. பட்டாணி உரித்த அதே கட்டிலில் உட்கார்ந்தேன். தட்டு சுற்றிக்கொண்டேயிருந்தது.

"இப்ப ஓடுதா?" என்று கேட்டார்.

"ஓடுது."

"நல்லாருக்கா?"

இத்தனை வருஷத்தில் அவர் என்னைக் கேட்டதே கிடையாது. நல்லாருக்கு என்று எனக்கு அவர்தான் சொல்வார்.

"நல்லாருக்கு" என்றேன். கத்தவில்லை. அவர் என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.