வாசிக்க வேண்டாத பேர்

பங்குக் கோயிலில் உபதேசியார் வேலை என்றால் பாதி ஜெபம், மீதி பாதி அடுத்தவர் வீட்டுப் பேர்களை மைக்கில் தப்பில்லாமல் வாசிப்பது. யாருக்காகப் பூசை என்கிற பூசைக் கருத்தை எழுத என்னிடம் ஒரு நோட்டு உண்டு. இடது பக்கம் உயிரோடிருப்பவர்களின் நலனுக்கு, வலது பக்கம் இறந்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்கு. சோமனூர்ப் பக்கத்தில் இருபத்திரண்டு வருஷமாக இந்த நோட்டோடு மல்லுக்கட்டுகிறேன். கோயில் மைக்கைத் தொட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட சகபாவிகளே, என் பாடு உங்களுக்குத்தான் புரியும்.

பட்டம்

பல்லடத்திலிருந்து ஒருவர் அப்பாவின் வருஷ நினைவுப் பூசைக்கு வந்திருந்தார். சீட்டில் அப்பா பேருக்குப் பின்னால் எம்.ஏ. என்று போட்டிருந்தார். நான் பேரை மட்டும் வாசித்தேன். பூசை முடிந்ததும் என்னைத் தேடி உள்ளேயே வந்துவிட்டார். "மோட்சத்துல பட்டமெல்லாம் எதுக்குங்க?" என்று சிரித்து மழுப்பப் பார்த்தேன். மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு ஏண்டா சொன்னோம் என்று ஆகிவிட்டது.

"எங்கப்பா தறி ஓட்டிக்கிட்டே நாப்பது வயசுக்கு மேல படிச்சு வாங்குனதுங்க அது. செத்துப்போட்டா இல்லைன்னு ஆயிருமுங்களா?"

அந்தோணியார் நவநாள்

ஜெயமேரி அக்கா செவ்வாய்க்கிழமை நவநாள் ஜெபத்துக்குத் தவறாமல் வரும். ஒரே மகன் ஜெரால்டு, போர்வெல் வண்டியில் வடக்கே வேலைக்குப் போனவன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால், "ரயில் ஏறிட்டேம்மா" என்று போன் பண்ணினான். அவ்வளவுதான். ரயில் வந்தது, அவன் வரவில்லை. போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள், அவன் அப்பா ஆரோக்கியம் அண்ணன் ரெண்டு தடவை வடக்கே போய்த் தேடிவிட்டும் வந்தார்.

அக்காவின் சீட்டில் எப்போதும் ஒரே வரி: மகன் ஜெரால்டு சுகமாக வீடு வந்து சேர. நான் இடது பக்கம் எழுதுவேன். எழுதி எழுதி ஒரு நாள் எனக்கே சலித்துப்போய், "மனசத் தேத்திக்குங்க அக்கா, எல்லாம் அவர் சித்தம்" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், என் வீட்டுக்காரியைக் கேட்டால் கொஞ்சமில்லை என்பாள்.

"தொலைஞ்ச சாவியவே தேடிக் குடுக்கற அந்தோணியாரு, எம் பையனத் தேடித் தர மாட்டாருங்களா?"

குருத்தோலை ஞாயிறு

இந்த வருஷம் ஓலை பத்தாக்குறை. ஆளுக்கு ஒன்று என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வாசலில் நின்று கொடுத்தேன். ஜெயமேரி அக்கா மூன்று கேட்டது. பின்னால் கூட்டம் நெருக்குகிற எரிச்சலில், "ஊட்டுல ரெண்டு பேருதானுங்களே?" என்றேன். அடப்பாவி, அதை நான் சொல்லியிருக்கக் கூடாது. பக்கத்தில் நின்ற ஆரோக்கியம் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா கோபிக்கவில்லை, கையை நீட்டியபடியே நின்றது.

"மூணு பேருங்க."

ஆரோக்கியம் அண்ணன்

அக்டோபர் கடைசியில் அண்ணன் ஒருத்தராக ஆபீசுக்கு வந்தார். தறியை நிறுத்திவிட்டு வந்தவர், தலையெல்லாம் பஞ்சு. சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். ஜெரால்டு, ஆன்ம இளைப்பாற்றிக்காக.

நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தேன். போன வருஷம் ரெண்டாவது தடவை வடக்கே போனபோது, ஒரு ரயில்வே போலீஸ் ஸ்டேஷனில் போட்டோ காட்டினார்களாம். தண்டவாளத்தோரம் கிடந்த உடம்பு, அவர்களே புதைத்துவிட்டார்கள். முகம் தெரியவில்லை, பனியன் மட்டும் மகனுடையது போலவே இருந்ததாம். வீட்டில் மூச்சு விடவில்லை. நவம்பர் ரெண்டாம் தேதி, செத்தவர்களுக்கான ஆத்துமாக்கள் திருநாளுக்குப் பேர் பீடத்தில் இருந்தால் போதும், மைக்கில் வாசிக்க வேண்டாம் என்றார். பட்டியலின் கடைசியில் எழுதி, பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டேன்.

"அவகிட்டச் சொல்லிப்போடாதீங்க. செவ்வாக்கெழம நவநாளுக்குப் போறதுக்காகத்தான் அவ சோறே திங்கறாளுங்க."

ஆத்துமாக்கள் திருநாள்

கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவத்தியும் செவ்வந்தியுமாகக் கூட்டம். நான் பேர் வாசித்துக்கொண்டிருந்தேன். முந்நூறு பேரைத் தாண்டியதும் வாய் தானாக ஓடும், கண் பேரை மட்டும்தான் பார்க்கும். உங்களுக்குத் தெரியாததா? வட்டம் கண்ணில் பட்டது. படுவதற்குள் ஜெரால்டு என்று வாசித்துவிட்டேன், அப்பா பேரோடு சேர்த்து.

ஜெயமேரி அக்கா மாமியார் கல்லறையில் மெழுகுவத்தி பற்றவைத்துக்கொண்டிருந்தது. அப்படியே நிமிர்ந்தது. என்னைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்தது. அண்ணன் கல்லறைத் திட்டில் பொத்தென்று உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். நான் சாமியாரிடம் பட்டியலைத் திணித்துவிட்டு ஓடினேன். அதற்குள் அண்ணன் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தார். "அந்தப் பனியன் திருப்பூர்ல தெருவுக்குத் தெரு விக்குது" என்றது அக்கா. என்னை நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்று நின்றேன். அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முகத்திலிருந்த கையை விலக்கியது.

"ஒரு வருசமா நீங்க ஒண்டியாவேங்களா அழுதீங்க?"

திருவருகைக் காலம்

கிறிஸ்துமஸுக்கு முந்தின அந்தக் காலத்தின் முதல் ஞாயிறு பூசை முடிந்து இருவரும் சேர்ந்து ஆபீசுக்கு வந்தார்கள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அக்கா கேட்கவே விடவில்லை. நோட்டை விரித்தேன். எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியாமல் பேனாவை நடுவில் வைத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் அக்காவைப் பார்த்தார். அக்கா முதலில் இடது பக்கத்தையும் பிறகு வலது பக்கத்தையும் விரலால் தொட்டுக் காட்டியது.

"எனக்கு அந்தப் பக்கம் எழுதுங்க, அவருக்கு இந்தப் பக்கம் எழுதுங்க. ரெண்டு பூசைக்கும் ரெண்டு பேருமே வந்துர்றோமுங்க."

அன்று வாசித்தது தப்பு என்று பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிட்டேன், அதற்கு மனஸ்தாபப்பட்டு வருந்தத்தான் மனசு இன்னும் வரமாட்டேன் என்கிறது.